முதுகு காட்டி நின்ற ஊர்

ஓடைமேட்டு ஊர்க்கட்டடத்தின் வைஃபை இந்திராணி வீட்டு வேலிக்குக் குடிபோன செவ்வாய்க்கிழமை காலையில், பெட்டியில் நான்கு விளக்குகளும் பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தன. பச்சை எரிந்தால் என் வேலை முடிந்தது என்று பதினெட்டு வருடமாக நம்பி வந்தவன் நான். மதியழகன் என்ற பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு நான் கேபிள் மதி. டிவிக்குக் கம்பி இழுத்தவன், அது போன பிறகு இணையத்துக்கு இழை இழுத்தவன். புயலில் விழுந்த செல்போன் கோபுரத்தை யாரும் திரும்ப நிமிர்த்தாததால், முந்நூறு குடும்பங்களும் வளைகுடாவில் இருக்கும் புருஷன்களோடும் பிள்ளைகளோடும் பேசுவது கட்டடத்துக்குள் ஆணியில் தொங்கிய அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை நம்பித்தான். ஜனங்கள் கட்டடத்துப் படிகளில் வரிசையாக உட்கார்ந்து பேசுவார்கள். அன்று படிகளில் உட்கார்ந்தவர்களின் கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட வரவில்லை.

ஆஃப் செய்தேன். முப்பது வரை எண்ணி ஆன் செய்தேன். நான்கும் பச்சை, வைஃபை இல்லை. பெட்டியின் முதுகில் இருக்கும் ஊசித்துளைக்குள், படியில் காத்திருந்த தமிழ்க்கொடியின் ஊக்கை வாங்கி நுழைத்து, பத்து நொடி அழுத்திப் பிடித்து, அது தன் பெயரையும் கடவுச்சொல்லையும் மறந்து முழித்துக்கொண்ட பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். வந்த பாடில்லை. வாடிக்கையாளர் சேவைக்குக் கட்டடத்துத் தரைவழித் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"சார், பெட்டியிலேர்ந்து எத்தனை அடி தூரத்துல நிக்கிறீங்க?" என்றது ஒரு பெண் குரல்.

"கை எட்டுற தூரத்துலம்மா."

"அப்பக் கண்டிப்பா வரணுமே சார்."

"வரணும்தான்."

அந்த நேரத்தில் தமிழ்க்கொடி படியை விட்டு இறங்கியிருந்தாள். பஹ்ரைனில் இருக்கும் அவள் புருஷனுக்கு அரைமணி நேரம்தான் இடைவேளை, அதில் பத்து நிமிடம் போய்விட்டது. அவள் கைபேசியை விளக்கு ஏந்துவதுபோல நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள், கோயிலைத் தாண்டும்போது ஒரு கோடு வந்தது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது இரண்டாவது கோடு வந்தது, அதைப் பார்த்துக்கொண்டே கருவாட்டுக் களத்தையும் தாண்டி வடக்கே ஊர் முடியும் இடம் வரை போனபோது எல்லாக் கோடும் நிறைந்து, புருஷன் திரையில் வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டான். "சாப்பிட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் தான் நிற்பது இந்திராணி வீட்டுக் கீற்று வேலி ஓரம் என்று அவளுக்குத் தெரிந்தது. பாம்பை மிதித்தவள்போலத் துள்ளித் தெருவுக்கு வந்தாள். கோடுகள் போய்விட்டன. திரும்ப வேலியோரம் போனாள், வந்துவிட்டன.

இந்திராணி ஊர்விலக்கு ஆனவள். எட்டு மாதமாக அவளோடு யாரும் பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, தண்ணீர் நெருப்பு கூடாது, அவள் கூடையை நம் கரையின் ஏலத்தில் வைக்கக் கூடாது. பேசினவரும் விலக்கு. அவள் தெற்கே நான்கு மைல் நடந்து வேறு ஊர்க் கரையில் மீன் எடுத்து, அதற்கும் அப்பால் போய் விற்றுவிட்டு வருவாள்.

அவள் செய்த குற்றம் புகார் கொடுத்தது. ஆடித் திருவிழா அன்று, மாலைக்குள் வந்துவிடுகிறேன் என்று நண்டு வலை எடுக்கத் தனியாகப் போன அவள் புருஷன் தேசப்பன், காற்றில் படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் கரை ஒதுங்கினான். இடுப்பில் நைலான் கயிற்றால் கட்டிய வாக்கிடாக்கி அப்படியே இருந்தது. பேசுவதற்கு அழுத்தும் பொத்தானின்மேல் நண்டுக்கால் கட்டும் ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பொத்தானை அழுந்தியபடியே வைத்திருந்தான். இந்திராணி அதை எடுத்துக்கொண்டு மீன்துறை அதிகாரியிடம் போனாள். "கையால படகைப் பிடிச்சுக்கிட்டு வாயால கூப்புட்டுக்கிட்டே இருந்திருக்காரு சார். எங்க ஊர்க் கட்டடத்துல, படகுலேர்ந்து கூப்புட்டா கேக்குற கரைச் செட்டு இருக்கு. அதுல யாரு கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு விசாரிங்க" என்றாள். ஊரைச் சர்க்கார் கச்சேரிப் படி ஏற்றினாள் என்று ஊர்த் தலைவர் வைத்திலிங்கம் கூட்டம் போட்டார். வாபஸ் வாங்கு என்றார்கள். அவள் வாங்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து நின்று, செட்டு அன்றைக்கு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சத்தமும் வரவில்லை என்று சொன்னான். அதிகாரியிடமும் அதையே எழுதிக் கொடுத்தான். அது நான்தான். கரைச் செட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. கடலுக்குப் போனவன் "மச்சான், கேக்குதா?" என்பான், நான் "கேக்குது" என்பேன், அவ்வளவுதான் அந்த வேலை. திருவிழா அன்று மின்சாரம் போய், மைக் செட்டின் பாட்டரியும் இறங்கிப்போனது. "கரைச் செட்டுப் பாட்டரியைக் கழட்டிக் கொண்டா மதி, ஒரு மணி நேரம்தானே" என்றார் தலைவர். கழற்றினேன். பாட்டுக்கச்சேரி நன்றாக நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

இது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் கேட்டதால் செய்தேனா, நானும் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டுச் செய்தேனா என்று எட்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்பதே ஒரு தண்டனை என்று நினைத்து அதில் கொஞ்சம் ஆறுதலும் அடைந்துகொண்டிருந்தேன்; அதுதான் இன்னும் அசிங்கம்.

வைஃபை போன இடம் தெரிந்ததும் ஊர் என்னைத்தான் பிடித்தது. அலைவரிசை மாற்றினேன். பெட்டியின் இரண்டு கொம்புகளையும் தெற்கே திருப்பினேன். புதுப்பெட்டி வாங்கி மாட்டினேன். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற்றினோம், பிறகு நீளக் கம்பி இழுத்து ஊரின் தெற்குக் கோடிக்கே தூக்கிக்கொண்டு போனோம். எங்கே வைத்தாலும், எந்தப் பெட்டியை வைத்தாலும், அது இந்திராணி வீட்டு வேலியைச் சுற்றிப் பத்தடிக்கு மட்டும் வந்தது. பெட்டியைத் திரும்பக் கட்டடத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். டவுனிலிருந்து ஓர் இன்ஜினியர் மடிக்கணினியோடு வந்து, ஊர் முழுக்க நடந்து, கடைசியில் வேலி ஓரம் நின்று சந்தோஷமாகச் சொன்னார்: "இங்க பிரமாதமா வருதே. பேசாம இந்த வீட்டுலயே பெட்டியை வச்சிருங்களேன்."

எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

பிறகு ஊர் கூடியது. வைஃபை ஏன் அங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. மீன் இந்தப் பக்கம் வராமல் அந்தப் பக்கம் போனால் ஏன் என்று கேட்டுக்கொண்டா இருக்கிறோம், அந்தப் பக்கம் வலையைப் போடுகிறோம். கேள்வியெல்லாம் எப்படிப் போய் நிற்பது என்பதில்தான்.

"நிக்கிறது பேசுறதாகாது" என்றார் ஒரு பெரியவர்.

"அவ வீட்டுக் காத்துலேர்ந்து எடுக்குறோம். கொடுக்கல் வாங்கல் கூடாதுன்னு விதிச்சிருக்கோமே?"

"காத்து அவ வீட்டுதாய்யா? பெட்டி ஊர்ப் பெட்டி, காத்தும் ஊர்க் காத்து."

"மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துட்டா?"

கடைசியில் தலைவர் முடிவு சொன்னார். வேலிக்கு வெளியே நிற்கலாம். வீட்டுக்கு முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும். அவள் நிழல் மேலே விழுந்தால் குற்றமில்லை. அவள் கோழி காலைக் கொத்தினால் "சூ" என்று சொல்லலாம். கோழிக்கு விலக்கு கிடையாது.

அப்படியாக ஓடைமேடு, காலை ஆறு மணியிலிருந்து இந்திராணி வீட்டுக்கு முதுகு காட்டி நிற்கத் தொடங்கியது. பங்குனி வெயில் ஏறியதும் வேலியை ஒட்டி ஒரு பந்தல் முளைத்தது. பந்தலுக்குக் கீழே பெஞ்சு வந்தது, பெஞ்சுக்கு டீ வந்தது. காலையில் மஸ்கட், மத்தியானம் பஹ்ரைன், சாயங்காலம் சிங்கப்பூர் என்று முறை வந்தது. பிறந்த குழந்தைகளைத் தூக்கி வந்து திரையில் காட்டினார்கள், பரீட்சை முடிவைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள், மாமியார்மேல் சொல்ல வேண்டியதையெல்லாம் மாமியார் பெஞ்சின் அடுத்த முனையில் இருக்கும்போதே சொன்னார்கள். இந்திராணி வாசல் பெருக்குவாள், கூட்டிய மண் வேலிக்கு வெளியே வரும்போது எல்லோரும் திரும்பிப் பார்க்காமலே கால்களைத் தூக்கிக்கொள்வார்கள், பெருக்கி முடிந்ததும் கால்களைக் கீழே வைப்பார்கள். எட்டு மாதமாக ஊரில் யார் செத்தது, யார் பிறந்தது என்று தெரியாமல் இருந்தவளுக்கு ஒரே வாரத்தில் ஊரில் வேறு யாருக்கும் தெரியாததெல்லாம் தெரிந்துபோனது.

விதியில் விட்டுப்போன ஓட்டை ஒன்று பத்தாம் நாள் தெரிந்தது. தமிழ்க்கொடியின் புருஷன் திரையில் பேசிக்கொண்டிருந்தவன், சட்டென்று, "பின்னாடி யாரு, இந்திராணிக்காவா? அக்கா, நல்லாருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான்.

துடைப்பம் நின்றது. "இருக்கேன் தம்பி. நீ எளச்சுட்டியே" என்றது, நாங்கள் எட்டு மாதமாகக் கேட்காத குரல்.

அன்று சாயங்காலமே கூட்டம். விலக்கு கடல் தாண்டுமா என்பது கேள்வி. தாண்டும் என்று சிலர். "தாண்டும்னா அவனைப் பஹ்ரைன்லேர்ந்து விலக்கி வைக்கணும், அங்க யாரு அவன்கூடப் பேசாம இருக்கப் போறா?" என்றார் ஒருவர், கூட்டம் சிரித்துவிட்டது. திரைக்குள் இருப்பவன் ஊருக்குள் இல்லை, ஊருக்குள் இல்லாதவன் பேசினால் ஊர் பேசியதாகாது என்று முடிவானது. அதற்குப் பிறகு, முதுகு காட்டி நின்றபடியே கைபேசியைத் தோளுக்கு மேல் பின்பக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. புருஷன்களும் பிள்ளைகளும் இந்திராணியோடு பேசினார்கள். பெண்களுக்குக் கை வலித்தால் மாற்றிப் பிடித்தார்கள். பேச்சு முடியும் வரை முகத்தைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு, கேட்காதவர்கள்போலக் கேட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தோளுக்கு மேல் நீண்ட அந்தக் கைகளைப் பார்க்கும்போது, நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள், எவ்வளவு கோழைகள் என்று எனக்குத் தோன்றும். நாங்கள் என்று சொல்லி அங்கேயும் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்வேன்.

நான் பந்தலுக்குப் போவதைத் தவிர்த்துவந்தேன். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் இசைச்செல்வியோடு என் மனைவி செங்கமலம்தான் போய்ப் பேசிவிட்டு வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பாவைப் பார்த்தே மூணு வாரமாச்சாம். வர்றீங்களா, இல்ல உங்களுக்கும் விலக்கா?" என்று கேட்டு இழுத்துக்கொண்டு போனாள்.

பதினொரு மணி. பெஞ்சு நிறைய ஜனம். மகள் வேலையைப் பற்றிச் சொன்னாள், என் இருமலைப் பற்றிக் கேட்டாள், பிறகு, "அம்மா, இந்திராணியத்தைக்கிட்டக் காட்டு" என்றாள். செங்கமலம் பழகிய கையால் கைபேசியைத் தோளுக்கு மேல் தூக்கினாள். இருவரும் கொஞ்ச நேரம் கோழியைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை, மாமா விஷயம் என்னாச்சு? புகாரு?"

"அப்படியே கெடக்கும்மா. சாட்சி இல்லங்குறாங்க. வர்ற வெள்ளிக்கிழமையோட மூடிடுவாங்களாம்."

"எங்கப்பாதானே செட்டுல இருந்திருப்பாரு. அவரு என்ன சொல்றாரு?"

பந்தலில் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"அப்பா" என்றாள் மகள். "அங்கதானே நிக்கிறீங்க?"

செங்கமலத்தின் கை கைபேசியை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியுமோ என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. இருபத்தேழு வருடம் ஒரே அறையில் தூங்கியவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

இந்திராணியோடு பேசினால் விலக்கு. மகளோடு பேசினால் இல்லை. ஊர் கண்டுபிடித்த அதே சின்ன ஓட்டைக்குள் நானும் புகுந்துகொண்டேன். வேலிக்கு முதுகு காட்டியபடியே மகளிடம் சொன்னேன்.

"செட்டுல பாட்டரி இல்லம்மா. மைக்குக்குக் கழட்டிட்டேன். அதிகாரிக்கிட்டப் பொய் எழுதிக் கொடுத்தேன்."

திரையில் மகள் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு நின்றுவிட்டது என்று ஒரு நொடி நம்பினேன். இல்லை, அவள் கண் சிமிட்டினாள்.

எனக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், சத்தம் எழும்பாத குரல் ஒன்று கேட்டது. "எத்தனை மணிக்குன்னு அப்பாக்கிட்டக் கேளும்மா."

"எத்தனை மணிக்குப்பா?"

"மூணே முக்கால்."

"திரும்ப எப்ப மாட்டுனாருன்னு கேளும்மா."

"எட்டு மணிக்கு" என்றேன், மகள் கேட்பதற்குள்.

பிறகு இந்திராணி சொன்னாள்: "இன்னிக்கு மூணே முக்காலுக்கு அந்தச் செட்டுகிட்டப் போயி உட்காரச் சொல்லும்மா. எட்டு மணி வரைக்கும். எந்திரிக்காம."

"அப்பா..."

"கேட்டுதும்மா" என்றேன்.

மூன்றே முக்காலுக்குக் கட்டடத்துக்குப் போனேன். பாட்டரி இருந்தது, மாட்டியே இருந்தது; எட்டு மாதமாக அதைத் தினமும் சார்ஜ் பார்த்து வைத்திருந்தவன் நான். செட்டைப் போட்டேன். மேலே ஆணியில் தொங்கிய வெள்ளைப் பெட்டியில் நான்கும் பச்சை. ஒலிபெருக்கியில் முதலில் இரைச்சல் வந்தது, பிறகு இரைச்சல் அடங்கி, வீடு ஒன்று வந்தது. அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்ட தேசப்பனின் வாக்கிடாக்கியை அவளும் சார்ஜ் போட்டே வைத்திருந்திருக்கிறாள். அந்த ரப்பர் வளையத்தை அவிழ்க்காமல், பொத்தான் அழுந்தியபடியே அதை வாசலில் வைத்துவிட்டாள்.

கோழி கொக்கரித்தது. முறத்தில் எதையோ புடைத்தாள். பாத்திரம் உருண்டது. அதற்குப் பின்னால் கடல், நிற்காமல். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல்களில் தலைகள் சேர்ந்தன, கதவில் சேர்ந்தன, பந்தலில் முதுகு காட்டி நின்ற ஊர், கட்டடத்தைச் சுற்றி முகம் காட்டி நின்றது. ஐந்து மணிக்குக் கைபேசியில் எவனோ பாட்டுப் போட்டான். யாரோ அவனை அடக்கினார்கள். ஆறு மணிக்கு அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் வந்தது. நான்கே கால் மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாட்டுக்கச்சேரியில் அது ஓடிவிட்டது.

பொத்தான் அழுந்தியிருக்கும் வரை, அழுத்தியவருக்கு எந்தக் குரலும் கேட்காது. பதினெட்டு வருடமாக நூறு பேருக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: பேசு, கையை எடு, பதிலுக்குக் காத்திரு. பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் ஒருவன் பொத்தானைக் கட்டிப்போடுவான். அதுவரை தேசப்பன் எத்தனை முறை அழுத்தி, எத்தனை முறை எடுத்து, எவ்வளவு நேரம் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தான் என்பதை நான் ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை. நான் என்னையே கேட்டுக்கொண்ட அத்தனை கேள்விகளும் என்னைப் பற்றியவை.

ஏழு மணிக்குத் தலைவர் வந்தார். அவரும் தூங்காதவர் என்பது கண்ணைப் பார்த்தால் தெரியும். "நிறுத்து மதி. எல்லாரும் கேட்டாச்சு, போதும்."

"எட்டு ஆகல தலைவரே."

"நீ உன் மகக்கிட்டத்தான் பேசுன, அது குத்தமில்ல. வெள்ளிக்கிழமை முடிஞ்சிட்டா எல்லாம் தணிஞ்சிடும், அவளையும் உள்ள சேத்துக்குவோம். இதோட விட்டுரு. அவக்கிட்ட வாயத் தெறந்தா நீயும் வெளியதான். நான் சொல்ல வேண்டியதில்ல, ஊரு சொல்லும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கழட்டச் சொன்னது நான்தான், இல்லங்கல. கழட்டுன கை யாருது?" என்றார்.

"என்னுதுதான்" என்றேன். அதைச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டியதில்லை. அவர் போகவில்லை, என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் நகம் உரசும் சத்தம் வந்தது. ரப்பர் வளையத்தை அவிழ்க்கிறாள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. டக் என்று பொத்தான் எழும்பியது. வீடும் கோழியும் கடலும் அறுந்து, வெறும் இரைச்சல். பிறகு இரைச்சல் மீண்டும் அடங்கியது.

"கேக்குதா?"

அவ்வளவுதான் சொன்னாள். கையை எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் அவள் செட்டைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கட்டடத்தைச் சுற்றி முந்நூறு குடும்பங்களும் காத்திருந்தன. தலைவரின் கை என் தோளில் விழுந்தது, கெஞ்சுவதுபோலத்தான் விழுந்தது.

மைக்கை எடுத்து அழுத்தினேன்.

"கேக்குது தங்கச்சி" என்றேன். "மதி பேசுறேன். நல்லாக் கேக்குது. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு நானும் வர்றேன்."

தோளிலிருந்து கை எடுக்கப்பட்டது. ஜன்னல்களில் இருந்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி முதுகுகளாயின. கதவு வரை வந்து நின்ற செங்கமலம் மட்டும் திரும்பவில்லை. உள்ளே வந்து, தலைவரைச் சுற்றிக்கொண்டு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில், வேலியோரம் தவிர வேறெங்கும் கோடு காட்டாத கைபேசி என் சட்டைப்பையில் அதிர்ந்தது. திரும்பத் திரும்ப அதிர்ந்தது. காலையிலிருந்து வர வேண்டிய செய்தியெல்லாம் மொத்தமாக வந்து விழுந்துகொண்டிருந்தது, எல்லாம் மகளிடமிருந்துதான் இருக்கும். ஒரு கை தூரத்தில் நின்ற தலைவர் தன் கைபேசியை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு கோடும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய பெட்டியைப் பார்த்தார், மெதுவாகத் திரும்பி எனக்கு முதுகு காட்டி நின்றார்.

நான் கைபேசியை எடுக்கவில்லை. மைக்கின் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, இந்திராணி அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.